உயிர் போகும் வலிக்கு எங்கே ஓடுவது? பெங்களூரில் அரசு எமர்ஜென்சியும் தனியார் எமர்ஜென்சியும்

ஒரே வருஷத்தில் இரண்டு இடத்திலும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். மச்சானுக்கு நடுராத்திரியில் கிட்னி கல் வலி வந்தபோது தனியாருக்கு.

வேகத்தில் அரசுதான் முந்தியது. கூட்டம் நெரிந்தது, ஸ்ட்ரெச்சர் இல்லை. ஆனாலும் பயிற்சி டாக்டர் ஒருவர் அம்மாவின் கையைப் பார்த்ததுமே அடியில் பலகை கொடுத்துத் துணியால் கட்டிவிட்டார். அந்தக் கட்டுக்கே பாதி வலி அடங்கியது. உடைந்த எலும்பு அசையாமல் இருப்பதே பெரிய வலி நிவாரணம். பாராசிட்டமால் டிரிப் அதற்கப்புறம்தான் ஏறியது. தனியாரில் மச்சான் தரையில் உருண்டுகொண்டிருக்க, கவுன்டரில் இன்சூரன்ஸ் கார்டு கேட்டார்கள், முன்பணம் கேட்டார்கள். அவசர சிகிச்சையை எந்தச் சம்பிரதாயத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்த இருபது நிமிஷத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊசி போட்ட பிறகு எல்லாம் தலைகீழ். தனியாரில் நர்ஸ் வந்து, கன்னடமும் தமிழும் கலந்து, “எஷ்டு நோவு? பத்துக்கு எவ்ளோ?” என்றார். மச்சான், “இடுப்புலருந்து விண்ணு விண்ணுனு தெறிச்சு அடிவயித்துக்கு இறங்குது சிஸ்டர்” என்றார். நர்ஸ் 8 என்று குறித்துக்கொண்டார். கல் வலி என்று காட்டிக்கொடுப்பதே அந்த ‘இறங்குது’தான், அது சார்ட்டில் ஏறவில்லை என்பது எனக்குக் குறைதான். ஆனால் அரை மணி கழித்து அவரே வந்து மறுபடி கேட்டார். அப்புறம் இன்னொரு தடவையும்.

அரசில் டிரிப் பாட்டில் காலியாகித் தொங்கியது. இரண்டரை மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. “வலிக்குதாம்மா?” என்றேன். “அவங்களுக்கு ஆயிரம் வேலை, விடு” என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மச்சானுக்கு வலி இன்னும் 4-ல் இருந்தது, ஆனால் திருப்தியாகப் போனார். அம்மாவுக்கு வலி அதைவிடக் குறைவு, மனசு மட்டும் ஆறவில்லை. வலி எவ்வளவு குறைந்தது என்பதும் நோயாளியின் திருப்தியும் அவ்வளவாக ஒட்டிப்போவதில்லை என்றுதான் பல ஆய்வுகளும் சொல்கின்றன.

வயிற்று வலிக்கு, “சர்ஜன் பார்க்கும்வரை வலி மருந்து கிடையாது” என்ற பழைய வழக்கம் இரண்டு பக்கமும் காதில் விழுகிறது. முதலிலேயே மருந்து கொடுப்பதால் நோயைத் தவறாகக் கணிப்பது கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. தயங்காமல் கேளுங்கள்.

தெருமுனை நர்சிங் ஹோமில் சட்டென்று ஒரு டைக்ளோ (டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து) ஊசி கிடைக்கும். கிட்னி சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் அல்சர் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. நெஞ்சு வலிக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். இதய அடைப்பை உடனே நீக்கும் வசதியுள்ள இடத்துக்கு நேராகப் போங்கள்.

எலும்பு முறிவு, விபத்து என்றால் நான் அரசுக்குத்தான் போவேன். கல் வலிக்கு, கையில் காசோ இன்சூரன்ஸோ இருந்தால் தனியார்.

மறுவாரம் மாவுக்கட்டுக்குள் வீங்கி அம்மாவுக்கு வலி ஏறியது. அதே அரசு மருத்துவமனை. இந்தத் தடவை ஊசி போட்ட நேரத்தை போனில் குறித்துக்கொண்டு, அரை மணி ஆனதும் நானே எழுந்து போனேன். “சிஸ்டர், நோவு இன்னூ கம்மி ஆகில்லா.” கையிலிருந்த டிரேயை அப்படியே வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார். அம்மாவின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டைத் தளர்த்த டாக்டரைக் கூப்பிட்டார்.