ரெண்டு மாச சம்பளம் போச்சு: எட்சிங்னு சொல்லி பிரின்டர்ல அடிச்ச பேப்பர அனுப்பிட்டாங்க

ஆத்திரத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஓவியம், பிரின்ட் எல்லாம் விக்கிற ஒரு ஆன்லைன் தளம். பேர் போட மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் வந்தா தாங்குற தெம்பு இப்ப இல்ல. அங்க ரெண்டு மாச சம்பளத்த கொட்டி ஒரு எட்சிங் வாங்கினேன். வந்தது எட்சிங் இல்ல.

ஒண்ணுமே தெரியாம போய் விழுந்திருந்தா கூட மனசு ஆறும். எனக்கு அரைகுறையா தெரியும், அதான் வினை. எட்சிங்னா செம்புத் தகட்டு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல போடுவாங்க, கீறின இடம் மட்டும் அரிச்சு பள்ளமாகும், அந்தப் பள்ளத்துல இங்க்க ரொப்பி மேல இருக்கிறத துடைச்சு எடுத்துட்டு ஈரப் பேப்பர வச்சு பிரஸ்ல உருட்டினா பேப்பர் உள்ள இறங்கி இங்க்க தூக்கிட்டு வரும். தகடு அழுந்தின இடத்துல படத்த சுத்தி ஒரு சதுரப் பள்ளம் விழும், அதான் பிளேட் மார்க். இவ்வளவும் படிச்சு வச்சிருந்தேன். பிளேட் மார்க் இருந்தா அசல்னு முடிவே பண்ணிட்டேன்.

அந்தத் தளத்துல வித்த ஆளும் அதத்தான் காட்டினான். வீடியோ கால்ல வந்து, விளக்க பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சு, நகத்தால ஓரத்த வருடிக் காட்டினான். "சார், நீங்க என்ன நம்ப வேணாம், உங்க கண்ண நம்புங்க"ன்னான். அந்தப் பள்ளத்தோட விளிம்புல மெல்லிசா ஒரு நிழல் விழுந்துச்சு. கீழ பென்சில்ல 18/50, பக்கத்துல கையெழுத்து. 50 காப்பி தான் போட்டாங்க, இது 18ஆவது, இனிமே வராதுன்னான். நான் அந்த நிழலப் பாத்து தான் பணத்த அனுப்பினேன். ரெண்டு மாச சம்பளம், ஒரே தடவையில.

கண்ணாடி போட்டு, பின்னாடி பூரா டேப் ஒட்டி, அழகா ஃப்ரேம் பண்ணி வந்துச்சு. மாட்டிட்டு தினம் நின்னு பாத்தேன், வெக்கமா இருக்கு இப்ப.

கூட வேலை பாக்குறவரோட தங்கச்சி பிரின்ட்மேக்கிங் படிச்ச பொண்ணு. நேத்து வீட்டுக்கு வந்துச்சு, ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "அண்ணா, இத பிரிக்கலாமா"ன்னு கேட்டுச்சு. அந்தக் குரல்லயே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. பிரிச்சோம். பையிலேருந்து 10எக்ஸ் லூப்ப, பத்து மடங்கு பெருசாக் காட்டுற சின்ன லென்ஸ, எடுத்து ஒரு கறுப்புக் கோட்டு மேல வச்சு என்னைப் பாக்கச் சொல்லுச்சு. கறுப்புன்னு நான் நினைச்சது கறுப்பே இல்ல, ஓரம் பூரா நீலம், மெஜந்தா, மஞ்சள்னு பொடிப் பொடியா புள்ளி, கலர் தூவின மாதிரி. விரல வச்சு தடவினா கோடு வழவழன்னு சமமா இருக்கு. நிஜ எட்சிங்ல இங்க் பேப்பர் மேல மேடா நிக்குமாம்.

"அப்ப அந்த பிளேட் மார்க்?"னேன். அந்தப் பொண்ணு படத்தோட வலது ஓரத்தக் காட்டுச்சு. படம் பள்ளத்தத் தாண்டி ஒரு நூல் அளவு வெளிய போயிருக்கு. "தகடே இல்லாத இடத்துல இங்க் எப்படிண்ணா வரும்? இங்க்ஜெட் பிரின்டர்ல அடிச்சுட்டு வெறும் தகட்ட வச்சு அழுத்தியிருக்காங்க." அவ்வளவு தான். நான் நம்பின நிழலையே செஞ்சு வச்சிருக்கானுங்க.

கையெழுத்து நிஜ பென்சில் தானேன்னு அப்பவும் கேட்டேன் பாருங்க. சால்வடார் டாலின்னு பெரிய ஸ்பெயின் ஓவியர், அவரு கடைசிக் காலத்துல வெத்துப் பேப்பர்லயே ஆயிரக்கணக்குல கையெழுத்து போட்டுக் குடுத்த கதைய சொல்லுச்சு. நான் அதுக்கப்புறம் வாய தொறக்கல.

ராத்திரியே வித்தவனுக்கு போன் போட்டேன். மொதல்ல "புள்ளி வரும் சார், அது அக்வாடின்ட்". அக்வாடின்ட்ல ரெசின் தூள் தூவி சூடாக்கி தகட்ட அரிப்பாங்க, அதுல சொரசொரன்னு ஒரு குருணை வரும், உண்மை தான். ஆனா அது அந்தத் தகட்டுல போட்ட இங்க் கலர்ல தான் வரும், கறுப்புக்குள்ள மஞ்சப் புள்ளி எங்கேருந்து வரும்? அதக் கேட்டதும் லைன் கட். அடுத்து சேட்ல வேற ஒருத்தர்: "ஜீக்லேயும் ஃபைன் ஆர்ட் பிரின்ட் தான் சார்." ஜீக்லேங்கிறது இங்க்ஜெட்டுக்கு வச்ச அழகான பேரு, ஃப்ரெஞ்சுல பீச்சுறதுன்னு அர்த்தம், பிரின்ட் போடுற தொழில்ல இருந்த ஜாக் டுகேன்னு ஒருத்தர் 1991ல வச்ச பேரு. ஜீக்லேன்னு சொல்லி வித்தா அதுல தப்பே இல்ல, பிடிச்சவங்க வாங்கட்டும். எட்சிங்னு சொல்லி ரெண்டு மாச சம்பளத்த ஏன் வாங்கின? சர்ட்டிஃபிகேட் குடுத்திருக்கோமேன்னாங்க. அதுல கையெழுத்து போட்டதும் அவங்களே. கடைசியா, "ஃப்ரேம பிரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது."

இன்னைக்கு காலையில அதே தளத்த தொறந்தா அதே படம் விற்பனைக்கு இருக்கு. ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். 18/50. என்னோடது தான 18/50? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டாச்சு, ரெண்டு மாச சம்பளம் திரும்புமான்னு பாக்கணும்.

எப்படி சோதிக்கணும்னு வரிசையா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. லூப் ஒண்ணு வாங்கிக்கோங்க. கலர் புள்ளி தூவின மாதிரி இருந்தா இங்க்ஜெட், பூப்பூவா ஒழுங்கா வரிசை கட்டி இருந்தா ஆஃப்செட், அதாவது பத்திரிகை, போஸ்டர் எல்லாம் அடிக்கிற முறை. லித்தோகிராஃபுக்கு சாதாரணமா பிளேட் மார்க் விழாது, அது கல்லு மேல எண்ணெய்ப்பசையும் தண்ணியும் ஒட்டாதத வச்சு பண்றது, அதனால பள்ளம் இருக்கா இல்லையான்னு மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அசல் தகடாவே இருந்தாலும் எப்ப அடிச்சதுன்னு கேளுங்க, எட்சிங்ல பேர் போன டச்சு ஓவியர் ரெம்ப்ரான்ட் 1669ல போய்ச் சேந்துட்டாரு, அவரு தகடுங்க சிலதுல அதுக்கு நூறு வருஷத்துக்கு அப்புறமும் பிரின்ட் போட்டிருக்காங்க. "ஃபைன் ஆர்ட் பிரின்ட்"னு மட்டும் போட்டிருந்தா என்ன முறைன்னு எழுத்துல வாங்குங்க. ஃப்ரேமோட வந்தா அன்னைக்கே பிரிங்க. ரிட்டர்னுக்கு 7 நாள் தான் டைம் குடுத்திருந்தான், நான் பிரிச்சது 11ஆவது நாள்.