சொட்டுநீர்க் கிட்: ஒரு கோடை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகு

பெட்டியைப் பிரித்த கையோடு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்களை நம்பி வாங்கியவன் நான். அதனால்தான் இதை உடனே எழுதாமல், ஒரு சொட்டு மழை பார்க்காத நாலு மாதம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். பொருள், மாடித்தோட்டத்துக்கென்று விற்கிற சொட்டுநீர்க் கிட். 30 டிரிப்பர் (செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முனை), 20 மீட்டர் மெல்லிய குழாய், அதைப் பிடித்து நிறுத்தக் குச்சிகள், கட்டை விரல் அளவு ஃபில்டர், பேட்டரியில் ஓடும் டைமர். கம்பெனிப் பெயர் வேண்டாம். இதே சரக்கு ஏழெட்டுப் பெயரில் வருகிறது, அட்டைப்பெட்டியின் கலர்தான் மாறுகிறது.

என்னிடம் 26 பைகள். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், ஓரத்தில் கொஞ்சம் கீரை. தினமும் வாளியைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதுதான் மிச்சம், அதனால் வாங்கினேன்.

முதலில் டைமர், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளப் போவது அங்கேதான். மாட்டிய முதல் நாள் காலை ஆறு மணிக்குப் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு, அப்புறம் ஒன்றுமே இல்லை. குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், திருப்பி மாட்டினேன், விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். 'டேப்பை முழுசா திறந்து வைங்க சார்' என்று பதில் வந்தது. திறந்துதான் இருந்தது. கடைசியில் கையேட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கண்டுபிடித்தேன்: குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு). தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கிட்டத்தட்ட 1 பார் கிடைக்கும். என் தொட்டி இருப்பது பைகளைவிட ஒன்றரை மீட்டர் மேலே, அதாவது 0.15 பார். இந்த வகை டைமருக்குள் மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு இருக்கிறது, அதிலுள்ள ரப்பர் சவ்வைத் தண்ணீரின் அழுத்தமேதான் தள்ளித் திறக்க வேண்டும். தள்ளுவதற்குத் தெம்பில்லாத தண்ணீர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் விற்கிற பக்கத்தில் 'தொட்டியிலும் வேலை செய்யும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைத்தாயிற்று.

தொட்டி வைத்திருப்பவர்கள் பால் வால்வு (ball valve) டைமர் என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு குட்டி மோட்டார் வால்வைத் திருப்பிவிடும், அழுத்தமே இல்லாவிட்டாலும் தண்ணீர் ஓடும். நான் அதைத் தனியாக வாங்கி மாட்டினேன். நேரடிக் குழாய் இணைப்பில் நல்ல வேகம் இருக்கிறவர்களுக்குக் கிட்டில் வந்த டைமரே போதும், என் நண்பர் வீட்டில் அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

சரி, தண்ணீர் வந்தது. எவ்வளவு வந்தது என்பது அடுத்த கதை. டிரிப்பரில் மணிக்கு 2 லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் அது 1 பார் அழுத்தத்துக்கான கணக்கு. ஒரு டம்ளரை வைத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்து டிரிப்பரில் 130 மில்லி, கடைசிப் பையில் 50 மில்லிகூட இல்லை. மெல்லிய குழாயிலேயே 26 பைக்கும் வரிசையாகக் கொண்டுபோனால் அப்படித்தான் ஆகும், உரசலிலேயே இருந்த கொஞ்ச அழுத்தமும் செத்துவிடுகிறது. 16 மில்லிமீட்டர் குழாயை நடுவில் ஓட்டி, கடைசி முனையைத் திருப்பிக் கொண்டுவந்து தொடக்கத்தோடு வளையமாகச் சேர்த்து, அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் ஒரு முழம் மெல்லிய குழாய் கொடுத்த பிறகு கடைசிப் பையிலும் 110 வந்தது. இந்த 16 மில்லிமீட்டர் குழாய் கிட்டில் கிடையாது. கொடுத்திருக்க வேண்டும்.

(அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் என்று ஒன்று விற்கிறார்கள், எல்லாப் பைக்கும் ஒரே அளவு என்று ஆசை காட்டுவார்கள். தொட்டி ஆட்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதுவும் அழுத்தம் கேட்கும்.)

டிரிப்பருக்கு முழு மதிப்பெண். தலையைத் திருகிக் கழற்றலாம், ஊதிச் சுத்தம் செய்யலாம், உப்புத் தண்ணீரால் வெள்ளையாகப் பொரிந்துபோனால் ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டால் திரும்ப ஓடுகிறது. ஃபில்டர் சுமார். வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் தொட்டி வண்டலில் அடைத்துக்கொள்ளும். குழாய் கறுப்பாக இருப்பது பாசி பிடிக்காமல் இருக்கத்தான், ஆனால் மதியம் அதற்குள் நிற்கிற தண்ணீரைத் தொட்டால் கை சுடுகிறது. அதனால் மதியத்தில் ஓடும்படி டைமர் வைக்காதீர்கள், குழாய் மேலேயும் சருகு போட்டு மூடுங்கள். அணில் இரண்டு இடத்தில் கடித்தது, அதை யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு இணைப்பு மட்டும் எவ்வளவு இறுக்கியும் ஒழுகியது. அதன் கீழே தானாக முளைத்த ஒரு தக்காளிதான் இந்தக் கோடையின் கொழுத்த செடி, நான் உரம் போட்டு வளர்த்ததெல்லாம் அதற்கு அடுத்துதான். ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மரம் மட்டும் செழித்து நின்றதைப் பார்த்துத்தான் சிம்கா பிளாஸ் என்ற இஸ்ரேலியப் பொறியாளருக்குச் சொட்டுநீர் யோசனையே வந்தது என்பார்கள். என் தக்காளியைப் பார்த்தபோது அது நம்பும்படியாகத்தான் இருந்தது.

கிட் சொல்லாத இன்னொன்று மண்ணைப் பற்றியது. இரண்டாவது வாரம் கத்தரி மட்டும் சாயங்காலமானால் தொங்கியது. டிரிப்பர் நன்றாகச் சொட்டுகிறது, பையின் அடியிலும் தண்ணீர் வடிகிறது, அப்புறம் ஏன்? விரலை விட்டுப் பார்த்தேன். டிரிப்பருக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அதைத் தாண்டி நாலு விரல் தள்ளினால் மூக்குப்பொடி மாதிரி உலர்ந்து கிடக்கிறது. என் பையில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகம். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது, சொட்டுவதெல்லாம் ஒரே ஓட்டையாக நேரே அடிக்கு இறங்கிவிடும். களிமண் கலந்த மண்ணாக இருந்தால் ஈரம் அகலமாகப் பரவும். ஒரு நாள் எல்லாப் பையையும் கையாலேயே ஊற ஊற நனைத்து, பெரிய செடிகளுக்கு இரண்டு டிரிப்பராக்கி, மேலே மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போட்டேன். ஓடும் நேரத்தையும் காலை 45 நிமிடம், சாயங்காலம் 30 நிமிடம் என்று பிரித்தேன். கத்தரி நிமிர்ந்துவிட்டது. மூடாக்கு இல்லாமல் இந்தக் கிட்டை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் மோர் கடைகிற வேலை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் வெளியூர் போனபோது டைமரில் பழைய பேட்டரியே இருந்தது. காலையில் வால்வைத் திறக்க அதற்குத் தெம்பு இருந்திருக்கிறது, மூட இல்லை. தொட்டி மொத்தமும் ஒரே நாளில் காலி, மிச்ச நாளெல்லாம் வெயில்தான். திரும்பி வந்தபோது கீரை சருகாகிவிட்டது, மிளகாய் பாதி இலையை உதிர்த்திருந்தது, வெண்டை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. தக்காளி பிழைத்தது என்று சந்தோஷப்பட்டேன். பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காய்களின் அடியில் கறுப்பாகத் தட்டையான வடு, நுனி அழுகல். ஈரம் விட்டு விட்டு வந்தால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது, அதன் விளைவு இது. நோய் என்று நினைத்து மருந்து தெளிக்காதீர்கள், தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் சரியாகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

இரவிலும் சூடு தணியாத நாட்களில் தக்காளிப் பூ உதிர்ந்ததை இந்தக் கிட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 50 சதவீத நிழல்வலை கட்டிய பிறகுதான் கொஞ்சம் நின்றது. அதற்குக் கிட்டைத் திட்டி நட்சத்திரம் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமில்லை.

பத்துப் பைக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு இது வேண்டாம், ஒரு பூவாளி போதும். 20, 30 பை இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். நான் மூன்று நட்சத்திரம் தருகிறேன், இரண்டும் டைமருக்காகத்தான் போனது. அடுத்த முறை கிட்டாக வாங்காமல் டிரிப்பர், 16 மில்லிமீட்டர் குழாய், பால் வால்வு டைமர், கொஞ்சம் பெரிய ஃபில்டர் என்று உதிரியாகவே வாங்கிக்கொள்வேன். கிட்டோடு வந்த டைமர் இன்னும் அலமாரியில் இருக்கிறது, குழாயில் நல்ல வேகம் உள்ள யாருக்காவது வேண்டுமென்றால் கொடுத்துவிடலாம்.