மொட்டை மாடியில் பைஃபேஷியல் பேனல்: மூன்று வருஷக் கணக்கு

தென்காசிப் பக்கம் எங்கள் வீடு. 2023 தை மாதம் மொட்டை மாடியில் பைஃபேஷியல் சோலார் பேனல் போட்டேன். 540 வாட் பேனல் 6, மொத்தம் 3.24 கிலோவாட். செல் பெர்க் என்ற வகை. டிசிஆர் பேனல், அதாவது செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்தது. மானியம் வேண்டுமென்றால் அதைத்தான் போட வேண்டும். விலை பேச வந்த ஆள், "சார், இது ரெண்டு பக்கமும் கரண்ட் எடுக்கும். முன்னாடி நூறுன்னா பின்னாடி எழுபது" என்றார். 6 பேனல் வாங்கினால் 10 பேனல் கரண்ட் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த எழுபது பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன அர்த்தம் வேறு, அதன் அர்த்தம் வேறு. முன்பக்கம் விழும் அதே வெயில் பின்பக்கமும் விழுந்தால், முன்பக்கம் எடுப்பதில் 70 சதவீதத்தைப் பின்பக்கம் எடுக்கும். அவ்வளவுதான். பேனலைக் கவிழ்த்துப் போட்டால் ஒழிய பின்பக்கம் அந்த வெயிலைப் பார்க்கப் போவதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு, அது முன்பக்க வெயிலில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிய விஷயம். அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இந்த எழுபது சதவீதம். இப்போது வரும் டாப்கான் என்ற புதுவகைப் பேனலில் எண்பது வரை சொல்கிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், மாடியில் அந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம் உங்கள் கண்ணுக்கே படாது.

எனக்கு ஒரு வசதி இருந்தது. அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, என் மனைவியின் அண்ணன் வீடு. அவரும் அதே தை மாதம் 540 வாட் பேனல் 6 போட்டார். வேறு ஆள், வேறு இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி), சாதாரண ஒருபக்கப் பேனல். சாய்மானம் இரண்டு வீட்டிலும் தெற்கே 10 டிகிரி. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் போனும் கையுமாக உட்கார்ந்து யாருக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான்.

முதல் இரண்டு மாதம் விளையாட்டில் நான் தோற்றேன். பைஃபேஷியல் போட்டவனுக்குக் குறைவு, சாதாப் பேனல் போட்டவருக்குக் கூடுதல். "என்ன மாப்ள, பின்னாடி வர்ற கரண்டு பின்னாடியே போயிருதோ?" என்று கேட்டார் மச்சான். போன் ஆப்பில் அன்றைய உற்பத்தியைக் காட்டும் இரண்டு வீட்டுக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவருடைய கோடு காலையில் ஏறி, உச்சியில் வளைந்து, சாயங்காலம் இறங்கியது. என்னுடையது பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணி வரை 2.8 கிலோவாட்டில் கத்தியால் சீவினது போலத் தட்டையாக இருந்தது.

போட்டுத் தந்தவரைக் கேட்டால், "வெயில் ஜாஸ்தி சார், பேனல் சூடாயிடுச்சு" என்றார். சூட்டில் பேனல் திறன் குறையும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் குறைந்தால் கோடு தணிந்து வளையுமே தவிர, மட்டம் வைத்தது போல நிற்காது. ஏணி போட்டு இன்வெர்ட்டர் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். ஒரு உள்ளீட்டுக்கு அதிகபட்சம் 12.5 ஆம்பியர். பேனல் முதுகிலிருந்த ஸ்டிக்கரில் முழு வெயிலில் 13 ஆம்பியர், அதுவும் முன்பக்கத்துக்கு மட்டும். பின்பக்க வெளிச்சத்தால் வோல்டேஜ் பெரிதாக ஏறாது, ஆம்பியர்தான் ஏறும். ஆக நான் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் மின்சாரத்தை இன்வெர்ட்டர் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. ஒரு மாதம் சண்டை போட்டு, மேலே 4,500 ரூபாயும் கொடுத்து, 16 ஆம்பியர் வாங்கும் இன்வெர்ட்டரை மாட்டினேன். பங்குனியில் கோடு வளைய ஆரம்பித்தது.

பைஃபேஷியல் வாங்குபவர்களுக்கு என் முதல் வார்த்தை இதுதான். பேனல் எந்தக் கம்பெனி என்று ஆராய்வதில் பாதி நேரத்தையாவது இன்வெர்ட்டரின் உள்ளீட்டு ஆம்பியருக்குக் கொடுங்கள். புதிய பெரிய பேனல்களுக்கு 16 ஆம்பியருக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்டாண்ட். வெல்டிங் பட்டறைக்காரரிடம் ஏழடி உயரம் கேட்டேன், பேனலின் மேல்விளிம்பு எட்டேகால் அடியில் நிற்கும். பின்பக்க வெளிச்சத்துக்காகக் கேட்டேன் என்று சொன்னால் பொய். அம்மாவுக்கு வடகம் காயப்போட இடம் வேண்டும், துணிக்கொடி வேண்டும். அது இதற்கும் நல்லதாகப் போயிற்று. பேனல் தரையை ஒட்டி இருந்தால் அதன் நிழலே கீழே முழுக்க விழும், பின்பக்கத்துக்குத் திரும்ப வெளிச்சம் இருக்காது. தகரக் கூரையிலும் ஓட்டு வீட்டிலும் கூரையோடு ஒட்டிப் போடுகிறவர்களுக்கு அதனால்தான் பின்பக்கத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பேனலைத் தாங்கும் இரண்டு சேனல் குறுக்கே போகத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பலத்துக்கென்று கூடுதலாக ஒரு பட்டையை நடு முதுகில் வைக்கப் பார்த்தார்கள். அதைக் கால்களுக்கு இடையே கீழே இறக்கச் சொன்னேன். வயரையும் முதுகில் மாலை மாலையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபிரேம் ஓரமாக இழுத்துக் கட்ட வைத்தேன். அது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, அணிலுக்கும்தான். தொங்கும் வயர் என்றால் அணிலுக்கு ஊஞ்சல்.

இப்போது தரை. எங்கள் மாடி பழைய தட்டோடு. சிவப்பு மங்கி, பாசி ஏறிக் கறுத்தது. அது விழும் வெளிச்சத்தில் கால் பங்கைக்கூடச் சரியாகத் திருப்பித் தராது. அப்படியும் 2023 ஏப்ரலில் மச்சானுக்கு 409 யூனிட், எனக்கு 422. ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதல். எழுபது எங்கே, மூன்று எங்கே.

சுண்ணாம்பு அடித்துப் பார்க்கலாம் என்று மே மாதம் பேனலுக்கு நேர் கீழே மட்டும் இரண்டு வாளி அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. யோசித்தால் காரணம் எளிது: உச்சி வெயிலில் பேனலுக்கு நேர் கீழே நிழல். நிழலுக்கு வெள்ளையடித்து என்ன பயன்? பேனலைச் சுற்றி வெயில் படும் தரைதான் முதுகுக்கு வெளிச்சம் அனுப்புகிறது. ஜூனில் சாரல் பிடித்ததும் அந்தச் சுண்ணாம்பும் கரைந்து, மழைநீர்க் குழாய் வழியாகப் பால் போல வழிந்து போனது. பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டு விசாரித்தார்கள்.

2024 மார்ச்சில் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பெயின்ட் வாங்கினேன். பிரஷர் வாஷ் பிடித்துப் பாசியைக் கிளப்பி, பேனலுக்கு நான்கு புறமும் ஆறடி தள்ளி வரை இரண்டு கோட். கூலியோடு 5,200 ரூபாய். ஏப்ரலில் இரண்டு வீட்டுப் பேனலையும் நானே வாரம் ஒருமுறை கழுவினேன், இல்லையென்றால் கணக்கில் அர்த்தம் இருக்காது. மச்சான் தீபாவளிக்குத் தீபாவளி கழுவுகிறவர். அந்த மாதம் அவருக்கு 403, எனக்கு 431. ஏழு சதவீதம். நான் பார்த்த முழு மாதக் கணக்கில் இதுதான் உச்சம். 20, 30 சதவீதம் கூடுதல் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் வீட்டு மாடியில் நான் பார்க்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று சாரல் காலத்தில் நடந்தது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் நாள் முழுக்க வெயிலே இருக்காது. அப்படி ஒரு நாள் அவருக்கு 6.1 யூனிட், எனக்கு 6.7. பத்து சதவீத வித்தியாசம். மேகமூட்டத்தில் பேனலுக்குக் கீழே அழுத்தமான நிழலே விழாது, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், முதுகுக்கும் அதில் பங்கு கிடைக்கும். சதவீதம் பெரிது, யூனிட் சிறிது. அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். மிக்சி ஓட்டலாம்.

சாய்மானம் பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் ஊர் ஏறக்குறைய 9 டிகிரி அட்சரேகை. சித்திரை பிறக்கும்போது உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், அப்புறம் ஆவணி வரை வடக்கே நிற்கும். அதனால் தெற்கே பத்து டிகிரிக்கு மேல் சாய்ப்பதில் அர்த்தமில்லை. மழைத் தண்ணீர் தூசியோடு வழிந்து போகும் அளவுக்குச் சாய்வு இருந்தால் போதும்.

2024 ஆடி மாதம் ஒரு நாள் துணி எடுக்கப் போன மனைவி மேலே பார்த்துவிட்டு, "என்னங்க, பேனல்ல சிலந்தி வலை கட்டியிருக்கு" என்றார். துடைப்பத்தோடு போய்ப் பார்த்தால் வலை இல்லை, விரிசல். பின்பக்கக் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து முழுக்கச் சிதறி, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பைஃபேஷியல் பேனலில் பெரும்பாலும் முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி. சாதாப் பேனலில் முன்னால் ஒரே 3.2 மில்லிமீட்டர் கண்ணாடி, பின்னால் பிளாஸ்டிக் ஷீட். மெல்லிய கண்ணாடி இரண்டு சேரும்போது எடை மட்டும் கூடுகிறது: என் பேனல் ஒன்று 32 கிலோ, மச்சானுடையது 28. விரிசல் தொடங்கிய மூலையில் பார்த்தால் பேனலை ஸ்டாண்டோடு பிடிக்கும் கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர் இல்லை. போல்ட்டை இருக்கும் பலம் முழுக்கப் போட்டு முறுக்கியிருந்தார்கள். ஆடிக்காற்று ஸ்டாண்டை ஆட்டியதில் கண்ணாடி தாங்கவில்லை.

வாரண்டி கேட்டேன். பொருத்தியதில் கோளாறு, எங்கள் பொறுப்பில்லை என்று பேனல் தயாரித்தவர்கள் சொன்னார்கள். பேனலில்தான் கோளாறு என்று பொருத்தியவர் சொன்னார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிய மூன்று மாதமும் விரிந்த பேனல் கரண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று பயம். ஈரம் உள்ளே போனால் மின்கசிவு வரும். கடைசியில் 13,500 ரூபாய் என் கையிலிருந்து போனது. மற்ற ஐந்து பேனலின் கிளாம்ப்பையும் அன்றைக்கே கழற்றி, ரப்பர் வைத்து, டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்க வைத்தேன். 30 வருஷ வாரண்டி என்று பெருமையாகச் சொல்லும் காகிதத்தில் பொருத்தும் முறை என்று ஒரு பக்கம் இருக்கும். வேலை நடக்கும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

இவ்வளவு ஆன பிறகும் மறுபடி வாங்கினால் பைஃபேஷியல்தான் வாங்குவேன். காரணம் பின்பக்கக் கரண்ட் இல்லை. எங்கள் தோட்டத்து மோட்டாருக்குப் பத்து வருஷம் முன்னால் போட்ட பேனல் இருக்கிறது. அதன் முதுகுப் பிளாஸ்டிக் ஷீட் மஞ்சளித்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கையோடு வருகிறது. இரண்டு இடத்தில் நரம்பு நரம்பாக வெடிப்பு. மழை நாளில் அந்தக் கன்ட்ரோலர் அடிக்கடி கசிவு என்று சொல்லி நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் கண்ணாடிக்கு அந்த நோய் வராது. சரியாகப் பொருத்திவிட்டால் அந்த முதுகு அப்படியே இருக்கும். மூன்று வருஷத்தில் என் பேனல்களின் அடியில் நிறமாற்றம் துளியும் இல்லை.

காசுக் கணக்கு சுருக்கமாக. முதல் வருஷம் 4,460 யூனிட், வெள்ளையடித்த இரண்டாம் வருஷம் 4,590, மூன்றாம் வருஷம் 4,545. மச்சானைவிட வருஷத்துக்குச் சராசரி 250 யூனிட் கூடுதல் என்று வையுங்கள், யூனிட் ஐந்து ரூபாய் என்றால் 1,250 ரூபாய். பைஃபேஷியல் பேனலுக்கென்று நான் கூடுதலாகக் கொடுத்தது 3,500 ரூபாய்தான், அது எடுத்தாகிவிட்டது. இன்வெர்ட்டர் மாற்றிய காசும் பெயின்ட் செலவும் கரண்டில் மட்டும் திரும்ப இன்னும் சில வருஷம் ஆகும். உடைந்த பேனலைக் கணக்கில் சேர்த்தால் பேசாமல் இருப்பது நல்லது. மானியமாக எனக்கு அப்போது கிடைத்தது 43,764 ரூபாய். அடுத்த வருஷமே, 2024 பிப்ரவரியில், பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ஆக்கிவிட்டார்கள். இந்த வயிற்றெரிச்சலுக்கு எந்தப் பேனலும் மருந்தில்லை.

இன்னொன்று, கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்கிரிட் சோலார் அப்படித்தான், லைனில் வேலை செய்கிறவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. பைஃபேஷியல் என்றால் ஓடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ளை மாடியால் தொந்தரவும் உண்டு. மத்தியானம் மாடி ஏறினால் கண் கூசும். துணி எடுக்கப் போகும்போது மனைவி என் கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு போகிறார். ஆனால் அதே மத்தியானம் வெறுங்காலோடு நடக்க முடிகிறது, கீழே படுக்கையறையில் இரவு பத்து மணிக்கு முன்பு இருந்த அனல் இல்லை. வருகிற பங்குனியில் இன்னொரு கோட் அடிக்க வேண்டும், சாரலில் வடக்கு மூலை மறுபடி பச்சை ஏறிவிட்டது. போன வாரம் மச்சான் வந்து அந்த மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். பெயின்ட் வாங்கும்போது தனக்கும் 20 லிட்டர் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறார். "உங்க பேனலுக்குத்தான் முதுகே இல்லையே மச்சான்" என்றேன். "பேனலுக்கு யாருடே கேட்டா, கீழ நான் படுக்கணும்லா" என்றார்.