பழைய மெத்தை வீட்டு மாடிக்கு எது சரி: சுருக்கியா, எக்ஸ்பிஎஸ் போர்டா, வெள்ளை பெயிண்ட்டா?

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கமெல்லாம் தேக்குக் கட்டை மேல செங்கல்லை நிக்க வச்சு சுண்ணாம்புல கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மெத்தை வீடு, இன்னும் நிறைய இருக்குங்க. ஒழுகுதுன்னு மேல்தளத்தை பேர்க்கப் போறீங்கன்னா சூட்டுக்கும் அப்பவே சேர்த்து வழி பண்ணிடுங்க, திரும்ப இன்னொரு தடவை மாடியை உடைக்க காசும் இருக்காது தெம்பும் இருக்காது.

நம்ம ஊர்ல முதல்ல எல்லாரும் சொல்றது சுருக்கிதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் வெல்லத் தண்ணி தெளிச்சு, நாள் கணக்குல கட்டையால அடிச்சு, மேல தட்டை ஓடு பதிச்சா பழைய சுண்ணாம்பு வேலையோட நல்லா சேர்ந்துக்கும், ஈரம் போனாலும் வெளிய விட்டுடும், அந்த குணம் மத்த ரெண்டுக்கும் கிடையாது. ஆனா கத்திரி வெயில்ல பகல் பூரா வாங்கி வச்ச சூட்டை ராத்திரி படுக்கிற நேரத்துல கீழ இறக்கும். கனமும் சாதாரணமில்லை, 3 இன்ச் சுருக்கின்னா சதுர அடிக்கு 12 கிலோ வரும், 500 சதுர அடிக்கு கணக்கு போட்டா 6 டன். பழசை எடுக்காம அது மேலயே இன்னொரு அடுக்கு போடலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க, சுவத்துக்குள்ள போற கட்டை முனைதான் முதல்ல உளுக்கும், அது வெளிய தெரியவும் தெரியாது, உளுத்த முனை அந்த கனத்தைத் தாங்காது.

எக்ஸ்பிஎஸ் போர்டு தெர்மாகோலுக்கு அண்ணன் மாதிரி, ஆனா கெட்டி, தண்ணி குடிக்காது. 2 இன்ச் போர்டு தடுக்கிற சூட்டை சுருக்கியால தடுக்கணும்னா அடிக்கணக்குல உயரமா போடணும். போர்டுக்குன்னு கனமே இல்ல, மேல போடுற சிமெண்ட் பூச்சும் டைல்ஸும்தான் கனம். வெயில் நேரா பட்டா போர்டு பொடிஞ்சு போகும், அதனால மூடியே ஆகணும். வாட்டர்புரூஃப் கீழ, போர்டு மேல. தின்னர் கலந்த பசை போர்டை கரைச்சிடும்னு கொத்தனார்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் செலவு கம்மி, அடிச்ச புதுசுல நல்லா வித்தியாசம் தெரியும், அப்புறம் தூசியும் பாசியும் படிஞ்சா பலன் குறைஞ்சுடும். வாடகை வீட்டுக்கு அது போதும்.

என்னைக் கேட்டா, கட்டை நல்லா இருந்தா பழைய சுருக்கியை முழுசா எடுத்துட்டு போர்டு போடுங்க, மேல வெளிர் நிற டைல்ஸ். ஆனா ஒண்ணு, தளம் நல்லா காயாம வாட்டர்புரூஃப் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு கட்டையை தின்னும். அதனால மாசியில பேர்த்து, பங்குனி வெயில்ல காயவிட்டு, ஐப்பசி அடைமழைக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிடுங்க. தளத்தோட உயரம் மாறுறதால மாடிக் கதவு நிலைப்படியையும் மழைத்தண்ணி குழாய் வாயையும் அளந்து வாட்டத்தை முதல்லயே குறிச்சுக்கங்க.