எயார் பிரையரில் முட்டையில்லாத ரோல்ஸ்: வாங்கலாமா, எப்படிச் சுடுவது

4 லீற்றர் எயார் பிரையர் ஒன்று நல்லதா என்று பார்க்க உருளைக்கிழங்குச் சிப்ஸ் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது எந்த மெசினிலும் வரும். ரோல்ஸ் போட்டுப் பாருங்கள். சுற்றும் தோல், தூளைப் பிடிக்கும் ஒட்டுக்கரைசல், மேலே பிரட்டும் றஸ்க் தூள், உள்ளீடு என்று நான்கும் ஒரே சூட்டில் சரிவர வேண்டும். எங்கள் முடிவு: கிழமைக்கு ஒருமுறையாவது பின்னேரத் தேத்தண்ணிக்கு ரோல்ஸ் வாங்குகிற வீடென்றால் இந்த மெசின் பிரயோசனமானது. ஆனால் கடைமுறையில் சுற்றி அப்படியே உள்ளே வைத்தால் வெளிறிய, தோல் விறைத்த ரோல்ஸ்தான் கிடைக்கும்.

பேக்கரியில் மரக்கறி ரோல்ஸ் என்று கேட்டு வாங்கினாலும் பல இடங்களில் அதில் முட்டை இருக்கும். தோலின் கரைசலில் ஒருமுறை, தூள் ஒட்ட இன்னொருமுறை சேர்ப்பார்கள். சைவக் கடைகளில் முட்டை இல்லை, மாக்கரைசல்தான். முழு வீகனாக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். றஸ்க் தூளில் பால்மாவோ பட்டரோ இருக்கலாம். சோயா மீற் பைக்கற்றுடன் வரும் சுவைத்தூளிலும் பால் சேர்ந்திருக்கலாம், உப்பும் அதிகம். அந்தத் தூளை எடுத்து வைத்துவிட்டு சோயாவை மட்டும் பாவியுங்கள்.

12 ரோல்ஸுக்கான உள்ளீடு: துப்புரவாக்கிய பிஞ்சுப் பலாக்காய் 250 கிராம், காய்ந்த சோயா மீற் 40 கிராம், உருளைக்கிழங்கு 250 கிராம், வெங்காயம் 120 கிராம், பச்சைமிளகாய் 4, பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, யாழ்ப்பாணக் கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. பலாக்காய் இறைச்சி போல நார்நாராக வரும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. காய்ந்த சோயாவில் ஏறக்குறைய பாதி புரதம். அதனால்தான் இரண்டும் வேண்டும். பலாக்காய் கிடைக்காத நாளில் வாழைப்பூ நல்ல மாற்று.

பலாக்காயை வெட்டும்போது கத்தியிலும் கையிலும் எண்ணெய் பூசினால் பால் ஒட்டாது. துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் போட்டால் கறுக்காது. அவித்து, ஆறவிட்டு, கையால் இறுக்கிப் பிழிந்து, உரலில் இரண்டு குத்துக் குத்தினால் நார் பிரியும். சோயாவையும் ஊறவைத்துப் பிழிந்து கொத்துங்கள். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பெருஞ்சீரகம், வெங்காயம், மிளகாய், இலைகளை வதக்கி, கறித்தூள் தவிர மற்றவற்றைச் சேர்க்கவேண்டும். கறித்தூள் ஏற்கெனவே வறுத்தது. குறைந்த எண்ணெயில் முதலே போட்டால் கருகிக் கைக்கும். கிழங்கு சேர்த்த பிறகு, கறித்தூளை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம். தேசிப்புளி ஆறியபின். உள்ளீடு முற்றாக ஆறாமல் சுற்றினால் உள்ளே நீராவி கட்டி, 5 நிமிடத்தில் தோல் வெடிக்கும்.

தோலுக்கு கோதுமை மா 130 கிராம், ஆட்டா மா 70 கிராம், சோளமா 20 கிராம், தண்ணீர் 450 மில்லிலீற்றர், அரைத் தேக்கரண்டி உப்பு. முட்டையில்லாத தோல் கிழிவதற்கு முக்கிய காரணம், கரைத்தவுடன் ஊற்றுவதுதான். 30 நிமிடம் வைத்தால் மா தண்ணீரை முழுதாக இழுத்து இழுவைத்தன்மை வரும். 20 சென்றிமீற்றர் தட்டில் 50 மில்லிலீற்றர் வீதம் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவிடுங்கள். ஓரம் தானாகக் கிளம்பினால் எடுக்கலாம். ஈரத்துணியால் மூடி வையுங்கள். வெந்த பக்கத்தில் உள்ளீட்டை வைத்துச் சுற்றினால், மென்மையான மறுபக்கம் வெளியே வந்து ஒட்டுக்கரைசலைப் பிடிக்கும்.

மேலே பிரட்டும் தூளில்தான் கூடுதலான ஆட்கள் பிழைவிடுகிறார்கள். கொதிக்கும் எண்ணெயில் தூள் தானாகவே பொன்னிறமாகும். எயார் பிரையரில் வருவது சூடான காற்று மட்டும். எண்ணெய் படாத தூள் எவ்வளவு நேரம் வைத்தாலும் மண்போல வெளிறிக் கிடக்கும். நிறம் வரட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் தோல் காய்ந்து தோற்பட்டை போலாகும். எனவே தூளை முதலே சிவக்க வையுங்கள். பாணை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து இடித்த தூள் 100 கிராம், எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. இரண்டையும் விரலால் பிசறி, மெல்லிய நெருப்பில் கை ஓயாமல் வறுங்கள். தேங்காய்ப்பூ வறுக்கும் வாசம் போல ஒன்று எழும்பி, தூள் கரண்டியில் ஒட்டாமல் சரசரவென்று உதிரும்போது இறக்கவேண்டும். தாச்சியின் சூட்டிலேயே இன்னும் ஒரு படி சிவக்கும் என்பதால் உடனே வேறு தட்டில் கொட்டுங்கள்.

சுற்றிய ரோல்ஸில் இந்தத் தூள் ஒட்டுவதற்கு கடலைமா 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 120 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை மஞ்சள். கோதுமைமாக் கரைசல் காற்றுச் சூட்டில் கடினமான ஓடாகிவிடும். கடலைமாவின் புரதம் சூட்டில் இறுகி, முட்டை செய்யும் வேலையைச் செய்கிறது.

மெசினை 180 பாகையில் 3 நிமிடம் சூடாக்கி, மடிப்பு கீழே இருக்க, ஒரு விரல் இடைவெளியில் நாலு ரோல்ஸ் அடுக்குங்கள். 12 நிமிடம், ஏழாவது நிமிடத்தில் பிரட்டல். நெருக்கி ஆறேழு வைத்தால் பக்கங்கள் ஈரமாகவே நிற்கும். ஆகவே 12 ரோல்ஸ் மூன்று தரமாகத்தான் முடியும். ஆறுபேர் உள்ள வீட்டுக்கு இது மெய்யான குறை, பெரிய அளவு மெசின் பாருங்கள். ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் அடியில் விழுந்த தூளைத் தட்டாவிட்டால் அது கருகிப் புகைக்கும்.

மொத்த எண்ணெய், தட்டில் பூசியதையும் சேர்த்து, ஏறக்குறைய 45 மில்லிலீற்றர். ஒரு ரோல்ஸுக்கு ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. மாச்சத்து மட்டும் கடை ரோல்ஸில் இருப்பது போலத்தான். நீரிழிவுக்காரர் ஒன்றோடு நிறுத்துவது நல்லது.

வாங்குமுன் மின்சாரத்தைப் பாருங்கள். 1500 வாட் மெசின் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டைக்கால் பிளக்குக்கு அது தாங்காது, அடப்ரர் உருகும். 13 அம்பியர் பிளக்கில்தான் போடவேண்டும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெசின் 120 வோல்ட், இங்கே இலங்கையில் நேரே செருகினால் எரிந்துவிடும். இங்கிலாந்து மெசினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

உழுந்து வடைக்காக இதை வாங்கவேண்டாம். ஈரமா துளைகளால் வழிந்துவிடும். கடலை வடை கல்லாகிறது. தூள் பிரட்டிய கட்லற் நன்றாக வரும்.

சுடாத ரோல்ஸை தட்டில் தனித்தனியாக உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டு பிரீசரில் வைக்கலாம். உறைந்ததை இளக விடாமல், 160 பாகையில் 8 நிமிடம், பின் 190இல் 5 நிமிடம். இளகவிட்டால் தோல் ஈரத்தை இழுத்து மடிப்பு பிரியும்.