காது மிஷின் வாங்க எந்த கிளினிக் நல்லது?

காது மிஷின் விற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: ஒரே பிராண்டின் கிளை, கண்ணாடிக் கடை ஓரத்து கவுன்டர், ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) நடத்தும் பல பிராண்ட் கிளினிக். எங்கள் ஓட்டு மூன்றாவதற்கே. ஒன்று ஒத்துவராவிட்டால் அங்கேயே இன்னொன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

சோதிப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். முதலில் காதுக்குள் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒலிபுகா அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதனை, கூடவே தமிழ்ச் சொற்களில் பேச்சுச் சோதனை. ஆடியோகிராம் (சோதனை முடிவைக் காட்டும் வரைபடம்) நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தரம் தெரியும் இடம் பொருத்துதல்தான். மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே ஒலி எவ்வளவு வருகிறது என்று அளக்கும் 'ரியல் இயர்' சோதனை உண்டா? இல்லையென்றால் மென்பொருள் தரும் முதல் அமைப்போடு அனுப்பிவிடுவார்கள். அந்த அமைப்பில் பல காதுகளுக்கு 'ச', 'ஸ்', 'ஃப்' போன்ற மேல் ஸ்தாயி ஒலிகள் குறைவாகவே வரும். சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. மிஷின் அலமாரிக்குப் போக இதுவும் ஒரு காரணம்.

மிஷின் விசில் அடித்தால் மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) தளர்வாக இருக்கலாம், அழுக்கும் அடைத்திருக்கலாம். மோல்டை மாற்றித் தர எவ்வளவு வாங்குவார்கள், அடுத்தடுத்த ட்யூனிங் விலைக்குள் அடங்குமா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வேறு கிளினிக்கில் ட்யூன் செய்ய முடியாதபடி பூட்டிய மாடலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

சென்னை போன்ற கடலோர ஊரில் மிஷினை வைக்க ஈரம் உறிஞ்சும் டப்பா கட்டாயம் தேவை. இலவசமாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.