முயலுக்குத் தாது உப்புச் சில்லு தேவையா?

நடுவே துளையிட்டு, கூண்டுக் கம்பியில் மாட்டும்படி செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் தாது உப்புச் சில்லுகளை எங்கள் வீட்டு முயல்களுக்காக வாங்கினேன். வெள்ளைச் சில்லு வெறும் உப்பு என்றும், இளஞ்சிவப்புச் சில்லில் கால்சியமும் உண்டு என்றும் உறை கூறுகிறது. எது எத்தனை விழுக்காடு என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை.

முயல் உப்புக்கு ஏங்கும் என்பது பொய்யன்று. ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைகளில் மழையும் உருகும் பனியும் மண்ணின் சோடியத்தைக் கழுவிச் சென்றுவிடுவதால், அங்குள்ள புல்லில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் மிகக் குறைந்தும் இருக்கும். ஆஸ்திரேலிய உடலியல் ஆய்வாளர் டெரிக் டென்டன் உள்ளிட்ட குழுவினர் 1968இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு வாழ்ந்த காட்டு முயல்களின் சிறுநீரில் சோடியம் ஏறத்தாழ இல்லை. சோடியத்தை உடலில் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்ற, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிப் புறணியின் வெளியடுக்கு பெருத்திருந்தது. வெவ்வேறு உப்புக் கரைசல்களில் ஊறவைத்த சிறு மரக்குச்சிகளை நட்டுவைத்தபோது, சோடியம் ஏறிய குச்சிகளையே அவை நாடிக் கொறித்தன.

குருணைத் தீவனம் (பெல்லட்) தின்னும் வீட்டு முயலுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. உப்பும் தாதுக் கலவையும் அத்தீவனத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளன. கவலைக்குரியது இளஞ்சிவப்புச் சில்லுதான். பிற பாலூட்டிகளின் குடல் தேவைக்கேற்பக் கால்சியத்தை உறிஞ்ச, முயலின் குடலோ உணவில் உள்ள அளவுக்கேற்ப, பெரும்பாலும் வைட்டமின் டி-யின் துணையின்றியே உறிஞ்சிக்கொண்டு, மிகுதியைச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுகிறது. கூண்டுத் தட்டில் சிறுநீர் காய்ந்தபின் சுண்ணாம்புப் பொடி போல் படியும் வெண்மை அதுவே. ஓரளவு வெண்மை இயல்பானது. தண்ணீர் குறைவாகக் குடித்து, ஓடியாடாமல் கிடக்கும் முயலுக்குக் கால்சியமும் மிகுந்தால், அது சிறுநீர்ப்பையில் சேறாகத் தேங்கவும் கல்லாக இறுகவும் கூடும். கால்சியம் மிகுந்த குதிரை மசால் என்னும் தீவனப் பயிரை அன்றாடம் தின்னும் முயலுக்கு இச்சில்லையும் மாட்டுவது வீண் ஆபத்து.

பற்களைத் தேய்க்கும் என்ற விளம்பரத்தையும் ஏற்க இயலவில்லை. முயல்கள் இதைப் பெரும்பாலும் நக்கத்தான் செய்தன. ஓயாமல் வளரும் கடைவாய்ப் பற்கள் தேய்வதோ, நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போது. மழைக்காலத்தில் சில்லு ஈரத்தை இழுத்துக் கசிந்து, உடன் வந்த கொக்கியையும் துருப்பிடிக்க வைத்துவிட்டது.

என் மதிப்பீடு ஐந்துக்கு ஒன்று. குருணைத் தீவனமே இன்றி, புல்லும் தழையும் மட்டும் தின்று வளரும் முயல்களுக்கு வெள்ளைச் சில்லு ஓரளவு பயன்படலாம் என்பதற்காகவே அந்த ஒன்றும். அப்போதும் நல்ல தண்ணீர் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும்.